ஒரே கார், 19 வருடம்: ஃபோர்டு கம்பெனி முதலிடத்தைக் கோட்டை விட்ட கதை

1927 மே 26. டெட்ராய்ட்டை ஒட்டியுள்ள ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையிலிருந்து 1.5 கோடியாவது மாடல் டி கார் வெளியே வருகிறது. மகன் எட்சல் ஃபோர்டு ஓட்ட, பக்கத்தில் அப்பா ஹென்றி ஃபோர்டு உட்கார்ந்திருக்கிறார். அதுவரை உலகத்தில் வேறெந்த காரும் இந்த எண்ணிக்கையின் பக்கத்தில்கூட வந்ததில்லை. 1972-ல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வந்துதான் இந்தச் சாதனையைத் தாண்டியது. ஆனால் அதே நேரத்தில்தான் மாடல் டி-யை நிறுத்தப் போகிறோம் என்று கம்பெனி அறிவித்தது. சரி, அடுத்த கார் எங்கே என்று கேட்டால், முழுசாக வரைந்துகூட முடிக்கவில்லை. தொழிற்சாலைகளை மூடி, டெட்ராய்ட்டில் மட்டும் சுமார் 60,000 பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகு உட்கார்ந்து புதுக் காரை முடித்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஃபோர்டு ஷோரூம்களில் விற்கப் புதுச் சரக்கு இல்லை.

நம் ஊரில் ஃபோர்டு என்றால் மறைமலை நகர் தொழிற்சாலையும், அங்கே 2022-ல் உற்பத்தி நின்றுபோனதும்தான் பலருக்கு ஞாபகம் வரும். நான் சொல்லப் போவது அதற்கு ஏறக்குறைய நூறு வருடம் முந்தைய விஷயம். 1921-ல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பாதிக்கும் மேல் ஃபோர்டு. 1926-ல் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. ஐந்தே வருடத்தில் இப்படி ஆனதற்கு "ஹென்றி ஃபோர்டு பிடிவாதக்காரர், காலத்துக்கு ஏற்ப மாறவில்லை" என்று ஒரே வரியில் காரணம் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பிடிவாதம் இருந்தது உண்மைதான். ஆனால் பிடிவாதமான முதலாளி எல்லா ஊரிலும் உண்டு. இந்தக் கம்பெனியில் முதலாளியைப் பார்த்து "இது வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஆட்கள் ஒருகாலத்தில் நிறையப் பேர் இருந்தார்கள், ஒவ்வொருவராக எல்லோரும் வெளியே போனார்கள். என் பார்வையில் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் கார்

ஹென்றி ஃபோர்டு எடுத்த எடுப்பில் ஜெயித்தவர் இல்லை. 1899-ல் தொடங்கிய டெட்ராய்ட் ஆட்டோமொபைல் கம்பெனி இரண்டு வருடம்கூட ஒழுங்காக ஓடவில்லை. அடுத்து அவர் பேரிலேயே ஆரம்பித்த கம்பெனியிலிருந்து அவரே விலக வேண்டியதாயிற்று. அது பிறகு காடிலாக் என்ற கார் கம்பெனி ஆனது. மூன்றாவது முயற்சிதான் 1903 ஜூன் 16-ல் பதிவான ஃபோர்டு மோட்டார் கம்பெனி. கையில் வந்த ரொக்கம் 28,000 டாலர்தான். கணக்கு, விற்பனை, வசூல் எல்லாம் ஜேம்ஸ் கசின்ஸ் என்பவர் பொறுப்பு. அவருடைய தங்கை ரொசெட்டா, பள்ளி ஆசிரியை, 100 டாலர் போட்டார். அந்த 100 டாலரை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வரும்.

மாடல் டி பிறந்தது பிக்கெட் அவென்யூ தொழிற்சாலையின் மூன்றாவது மாடியில், ஒரு மூலையைத் தடுத்துக் கட்டிய சின்ன அறையில். ஹரால்டு வில்ஸ், ஹங்கேரியிலிருந்து வந்த ஜோசப் கலாம்ப் போன்றவர்கள் கரும்பலகையில் வரைய, ஹென்றி தன் அம்மாவின் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பாராம். 1908 அக்டோபரில் கார் வந்தது. நாலு சிலிண்டர், 20 குதிரைத் திறன், முக்கியமான பாகங்களுக்கு வனேடியம் கலந்த எஃகு. அந்தக் காலத்தில் இவ்வளவு மலிவான காரில் அதை யாரும் போடவில்லை. விலை 850 டாலர். தரையிலிருந்து நல்ல உயரம், எடை குறைவு, பழுதானால் விவசாயியே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சரி செய்துவிடலாம். சேறும் பள்ளமுமாக இருந்த அமெரிக்க நாட்டுப்புறச் சாலைகளுக்கென்றே செய்த வண்டி அது.

ஆனால் இன்றைக்கு யாராவது அதில் ஏறி உட்கார்ந்தால் திணறிப்போவார்கள். கீழே மூன்று பெடல் இருக்கும், எதுவும் ஆக்ஸிலரேட்டர் கிடையாது. இடது பெடலை முழுசாக மிதித்தால் முதல் கியர், பாதி மிதித்தால் நியூட்ரல், காலை எடுத்தால் டாப் கியர். நடுப் பெடல் ரிவர்ஸ், வலது பெடல் பிரேக். வேகத்தைக் கூட்டுவது ஸ்டியரிங்குக்குக் கீழே வலது பக்கம் உள்ள சின்ன லிவரில். இடது பக்க லிவர், ஸ்பார்க் எப்போது அடிக்க வேண்டும் என்பதற்கு. அந்த ஸ்பார்க்கைத் தள்ளிவைக்க மறந்துவிட்டு முன்னால் போய் இன்ஜினைக் கிளப்பும் கைப்பிடியான கிராங்க்கைச் சுற்றினால் அது திருப்பி உதைக்கும், மணிக்கட்டே முறிந்துபோகும். அதனால் இடது கையால் சுற்று, கட்டை விரலை மடக்கிப் பிடிக்காதே என்று சொல்லிக்கொடுப்பார்கள். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க முன் சீட்டைத் தூக்கி டாங்கில் குச்சி விட வேண்டும். பம்ப் கிடையாது, சீட்டுக்கு அடியில் இருக்கிற டாங்கிலிருந்து தானாக வழிந்து இன்ஜினுக்குப் போக வேண்டும், அதனால் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏற வேண்டுமென்றால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில்தான் ஏற்றுவார்கள்.

1908-ல் யாருக்கும் இது குறையாகத் தெரியவில்லை. குதிரை வண்டியிலிருந்து இறங்கி வந்தவர்களுக்கு இதுவே பெரிய வரம்.

ஒரே கார் என்ற முடிவு

1909-ல் ஹென்றி ஒரு முடிவெடுத்தார். இனி மாடல் டி மட்டும்தான், வேறு கார் செய்யப் போவதில்லை. கம்பெனியின் எல்லா வெற்றியும் இந்த முடிவிலிருந்து வந்தது, பின்னால் வந்த சரிவும் இதே முடிவிலிருந்துதான் வந்தது. ஒரே பொருளைத்தான் செய்யப் போகிறோம் என்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி இயந்திரம் செய்யலாம். ஓர் இயந்திரம் ஒரு துளையை மட்டும் போடும், வேறு எதையும் செய்யாது, ஆனால் அதை மின்னல் வேகத்தில் செய்யும். 1910-ல் திறந்த ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் இப்படிப்பட்ட இயந்திரங்களை வேலை நடக்கும் வரிசையிலேயே நெருக்கி நெருக்கி வைத்தார்கள்.

அப்புறம் நகரும் வரிசை. 1913 ஆகஸ்ட் வரை ஒரு சேசிஸை, அதாவது காரின் அடிச்சட்டத்தை, பூட்டி முடிக்கப் பன்னிரண்டரை மணி நேரம். ஒரு கயிற்றைக் கட்டி, சக்கரம் வைத்துச் சேசிஸை 250 அடி தூரம் இழுத்துக்கொண்டே போய், ஆறு பேர் கூடவே நடந்து பாகங்களை மாட்டிப் பார்த்தார்கள்; ஆறு மணி நேரத்துக்கும் கீழே வந்துவிட்டது. பிறகு சங்கிலி போட்டு, வேலையைப் பொடிப் பொடியாகப் பிரித்து, வரிசையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, 1914 ஏப்ரலில் 93 நிமிடம். எட்டே மாதச் சோதனையில் நடந்தது இது. கயிறு கட்டி இழுத்துப் பார்த்த அந்த ஆட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது.

அந்த வேலையில் நிற்பவனுக்கு அது நரகம். நாள் முழுக்க ஒரே நட்டு. 1913-ல் நூறு பேரைக் கூடுதலாக நிலைநிறுத்த 963 பேரை எடுக்க வேண்டியிருந்தது, மற்றவர்கள் வந்த வேகத்தில் ஓடினார்கள். அதைத் தடுக்கத்தான் 1914 ஜனவரி 5-ல் ஒரு நாளைக்கு 5 டாலர், எட்டு மணி நேர வேலை என்று அறிவித்தார்கள். அதுவரை இருந்தது 2.34 டாலர், ஒன்பது மணி நேரம். முழுத் தொகையும் வேண்டுமென்றால் குடிக்கிறாயா, வீடு சுத்தமாக இருக்கிறதா என்று கம்பெனி ஆட்கள் வீட்டுக்கே வந்து விசாரிப்பார்கள். இதில் கசின்ஸின் பங்கு பெரியது, அவர்தான் விடாமல் வற்புறுத்தியவர் என்பார்கள்.

கறுப்பு நிறமும் இதே கணக்கில் வந்ததுதான். 1914-லிருந்து மாடல் டி கறுப்பில் மட்டும். மற்ற நிற வார்னிஷ்கள் காயப் பல நாள் எடுக்கும். அவ்வளவு கார்களைக் காய வைக்க எந்தக் கொட்டகை போதும்? சூளையில் சுட்டுக் காய வைக்கும் கறுப்பு எனாமல் சீக்கிரம் காய்ந்தது, மலிவாகவும் இருந்தது.

விலை வருடா வருடம் இறங்கியது. 1925-ல் இரண்டு பேர் உட்காரும் வண்டி 260 டாலர். 850-ல் தொடங்கிய கார்! இதைச் சாதித்தவரைச் சாதாரணமாகக் குறை சொல்லிவிட முடியாது, இந்த ஆய்வில் நான் மறக்காமல் இருக்க முயல்வது இதைத்தான். ஒவ்வொரு தடவை விலை இறங்கும்போதும் கார் வாங்கவே முடியாது என்றிருந்த லட்சக்கணக்கான குடும்பங்கள் உள்ளே வந்தன.

யார் யார் போனார்கள்

1912-ல் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம். ஹென்றி ஐரோப்பா போயிருந்த சமயம், அவருக்கு ஓர் ஆச்சரியம் தரலாம் என்று ஆட்கள் மாடல் டி-யைக் கொஞ்சம் தாழ்த்தி, நீட்டி, அழகாக்கி, சிவப்புப் பெயிண்ட் அடித்து நிறுத்தினார்கள். திரும்பி வந்தவர் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு அதை மூன்று நாலு தடவை சுற்றி வந்தார். பிறகு கதவைப் பிடித்துப் பிய்த்தெறிந்தார். அடுத்த கதவு. அப்புறம் கண்ணாடி. ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே வேலை பார்த்த ஒருவர் பிற்காலத்தில் சொன்னது இது. அந்தக் கூடத்தில் நின்றவர்களில் யார் இனி வாய் திறப்பார்கள்?

1915-ல் கசின்ஸ் ராஜினாமா செய்தார். ஹென்றியை எதிர்த்துப் பேசக்கூடிய ஒரே கூட்டாளி அவர். 1916-ல் பங்குதாரர்களான டாட்ஜ் சகோதரர்கள் வழக்குப் போட்டார்கள்: லாபத்தைப் பங்குதாரர்களுக்குத் தராமல் விரிவாக்கத்திலேயே கொட்டுகிறார் என்று. 1919-ல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1.9 கோடி டாலருக்கு மேல் ஈவுத்தொகை கொடுக்கச் சொன்னது. ஹென்றிக்கு அது பெரிய அவமானம். அதற்கு முன்பே தலைவர் பதவியை 25 வயது மகன் எட்சலிடம் கொடுத்துவிட்டு, இன்னும் மலிவான கார் செய்யப் புதுக் கம்பெனி தொடங்கப் போகிறேன் என்று பேச்சைக் கிளப்பிவிட்டார். பயந்துபோன பங்குதாரர்கள் விற்க முன்வந்தார்கள். ஏறக்குறைய 10.6 கோடி டாலர் கொடுத்து அத்தனை பங்கையும் குடும்பத்துக்கே வாங்கிக்கொண்டார். ரொசெட்டாவின் 100 டாலருக்கு 2.6 லட்சம் டாலர் கிடைத்தது.

பங்குதாரர்களுக்கு நல்ல பணம், சந்தேகமில்லை. ஆனால் கணக்குக் கேட்க வெளியாள் ஒருவர்கூட மிச்சமில்லாத இடமாகிவிட்டது உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனி.

பங்குகளை வாங்கப் பட்ட கடனை அடைக்க வேண்டிய நேரத்தில் 1920-ல் வியாபாரம் படுத்தது. ஹென்றி என்ன செய்தார் என்றால், தொழிற்சாலையை மூடினார், செலவை வெட்டினார், கையிருப்புப் பாகங்களைக் காராக்கி, கேட்காத டீலர்களுக்கெல்லாம் அனுப்பி, வாங்கிய கையோடு பணத்தைக் கட்டு, இல்லாவிட்டால் டீலர்ஷிப்பை விடு என்றார். டீலர்கள் உள்ளூர் வங்கியில் கடன் வாங்கிக் கட்டினார்கள். ஹென்றி வங்கிக்காரர்களிடம் போகாமல் தப்பித்தார் என்று பத்திரிகைகள் பாராட்டின. அவருக்காகக் கடன்பட்டது சின்ன ஊர் டீலர்கள். அதே சமயத்தில் பெரிய அதிகாரிகள் வரிசையாகப் போனார்கள். வில்ஸ் 1919-லேயே போய்விட்டார். விற்பனையைக் கவனித்த நார்வல் ஹாக்கின்ஸ், பொருளாளர் கிளிங்கன்ஸ்மித், அப்புறம் டென்மார்க்கில் பிறந்த வில்லியம் நட்சன்.

நட்சன் போனது எல்லாவற்றிலும் பெரிய இழப்பு. நாடு முழுக்க ஃபோர்டின் கிளைத் தொழிற்சாலைகளை அமைத்தவர் அவர். 1921-ல் விலகி, அடுத்த வருடம் போட்டிக் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரலே பிரிவில் சேர்ந்தார்.

எதிர்ப் பக்கம்

ஜெனரல் மோட்டார்ஸும் ஒன்றும் தவறே செய்யாத கம்பெனி இல்லை. 1923-ல் காற்றால் குளிரும் இன்ஜின் வைத்த ஒரு செவ்ரலேயை விட்டு, அது சரியில்லை என்று தெரிந்து திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. வித்தியாசம் என்னவென்றால் அங்கே தப்பு என்று சொல்ல ஆள் இருந்தார்கள், சொன்னதைக் கேட்கவும் ஓர் ஏற்பாடு இருந்தது. அதே வருடம் தலைவரான ஆல்பிரட் ஸ்லோன், எல்லா வருமானத்துக்கும் ஒரு கார் என்று செவ்ரலேயில் தொடங்கி காடிலாக் வரை படிப்படியாக அடுக்கினார்.

இதற்குள் சந்தையே வேறாகிவிட்டது. முதல் கார் வாங்க வேண்டியவர்கள் பெரும்பாலும் வாங்கிவிட்டார்கள். இப்போது வருகிறவர் பழைய காரைக் கொடுத்துவிட்டு இரண்டாவது கார் கேட்கிறார். அவருக்கு மலிவு முக்கியமில்லை, போன காரைவிட நல்ல கார் வேண்டும். அவர் கொடுத்துவிட்டுப் போகிற பழைய காரோ, மூடிய பாடியும் செல்ஃப் ஸ்டார்ட்டரும் உள்ளது, புது மாடல் டி-யின் விலைக்கே கிடைக்கிறது. விலையை மட்டும் நம்பியிருந்த கம்பெனி இப்படித் தன்னைவிட மலிவான பொருளிடம் தோற்க ஆரம்பித்தது. விலை 260-க்கு இறங்கியும் பலனில்லாமல் போனது இதனால்தான்.

மூடிய பாடி தனிக் கதை. 1919-ல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுதான் கூரையும் கண்ணாடியும் போட்டு மூடியது. 1927-ல் 85 சதவீதம். மழையிலும் பனியிலும் குடும்பத்தோடு போக வேண்டும் என்று ஆசை வந்தபின் யாரும் திறந்த வண்டிக்குத் திரும்பவில்லை. மாடல் டி-யின் லேசான சேசிஸும் 20 குதிரைத் திறனும் திறந்த வண்டிக்காகச் செய்தவை, அதன் மேல் கனமான பாடியை ஏற்றினால் திணறியது. டூபாண்ட் என்ற ரசாயனக் கம்பெனி கொண்டுவந்த டூகோ பெயிண்ட் சில மணி நேரத்தில் காய்ந்தது, எல்லா நிறத்திலும் கிடைத்தது, கறுப்புக்கு இருந்த நியாயம் போனது. தவணைக்கு ஜெனரல் மோட்டார்ஸ் 1919-லேயே தனி நிதி நிறுவனம் வைத்திருந்தது. ஹென்றிக்குக் கடன் பிடிக்காது. 1923-ல் அவர் கொண்டுவந்த திட்டத்தில் வாரம் 5 டாலர் சேர்த்து முழுப் பணமும் சேர்ந்தபின் கார் வாங்கிக்கொள்ளலாம். பக்கத்துக் கடையில் முன்பணம் கட்டி அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு போகலாம் என்னும்போது யார் வாரா வாரம் சீட்டுக் கட்டிக் காத்திருப்பார்கள்?

கான்ஸ்லரின் கடிதம்

எர்னஸ்ட் கான்ஸ்லர் எட்சலின் சகலை. கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தவர். 1926 ஜனவரி 26-ல் ஹென்றிக்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். அவ்வளவு பணிவான எழுத்து. உங்கள் மேல் உள்ள மரியாதையால்தான் எழுதுகிறேன் என்ற தொனியில் தொடங்கி, சில வருடங்களாக நாம் முன்னே போகவில்லை, இருந்த இடத்தைக் காப்பாற்றியதே பெரிது, மற்றவர்கள் விற்கும் ஒவ்வொரு காரும் அவர்களைப் பலப்படுத்தி நம்மைப் பலவீனப்படுத்துகிறது, புது இன்ஜினும் புதுக் காரும் வேண்டும் என்று கணக்கோடு சொன்னார். மேல்மட்டத்தில் பலருக்கும் இதே எண்ணம் இருந்தது, எட்சலுக்கும்தான். எழுத்தில் கொடுத்தவர் இவர். ஆறே மாதத்தில் வேலையை விட்டு அனுப்பப்பட்டார்.

அவர் சொன்னது அத்தனையும் அடுத்த வருடமே நடந்தது. 1927-ல் செவ்ரலே பத்து லட்சத்துக்கு மேல் விற்று ஃபோர்டைத் தாண்டியது.

1927 மே மாதம் நிறுத்தியபோதுதான் ஹைலண்ட் பார்க்கின் உண்மை நிலை தெரிந்தது. ஒரே காருக்காகச் செய்த ஆயிரக்கணக்கான இயந்திரங்களை வேறு காருக்குத் திருப்ப முடியவில்லை. சிலவற்றை மாற்றிக் கட்டினார்கள், நிறையவற்றைத் தூக்கி எறிந்தார்கள். இறுதிப் பொருத்தும் வேலையையும் ஃபோர்டின் இன்னொரு பெரிய தொழிற்சாலையான ரூஜுக்கு மாற்றினார்கள். வேலையிழந்தவர்களுக்கு மாதக்கணக்கில் கூலி இல்லை. சரக்கில்லாத டீலர்கள் பலர் செவ்ரலே பலகையை மாட்டிக்கொண்டார்கள். இதையே நட்சன் செய்த விதத்தோடு வைத்துப் பாருங்கள்: செவ்ரலேயில் அவர் ஒரு காருக்கென்று பூட்டிய இயந்திரங்களைத் தவிர்த்து, எதற்கும் திருப்பிக்கொள்ளக்கூடியவற்றை வாங்கி வைத்திருந்தார். 1929 மாடலுக்கு நாலு சிலிண்டரிலிருந்து ஆறு சிலிண்டருக்கு மாறியபோது செவ்ரலேவுக்கு ஆனது சுமார் மூன்று வாரம். ஃபோர்டில் ஆறு மாதத்துக்கு மேல். ஃபோர்டில் கற்ற வித்தை, ஃபோர்டு கேட்க மறுத்த பாடத்தோடு சேர்ந்து அங்கே போய் வேலை செய்தது.

1927 டிசம்பர் 2-ல் மாடல் ஏ வந்தது. 40 குதிரைத் திறன், நாலு சக்கரத்துக்கும் பிரேக், உடைந்தால் சிதறாத முன் கண்ணாடி, விதவிதமான நிறம், எல்லோருக்கும் பழக்கமான மூன்று கியர். தோற்றத்தைத் தீர்மானித்தது எட்சல். ஷோரூம் வாசலில் கூட்டம் அலைமோதியது, போலீஸ் வர வேண்டியிருந்தது. நல்ல கார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1929-ல் ஃபோர்டு மறுபடி முதலிடம் பிடித்தது. ஆனால் 1931-ல் செவ்ரலே திரும்ப முந்தியது, அதன்பின் ஃபோர்டுக்குப் பழைய இடம் நிலையாகக் கிடைக்கவே இல்லை.

ஏன் நிலைக்கவில்லை என்றால், காரை மாற்றினார்கள், முடிவெடுக்கும் விதம் மாறவில்லை. பேருக்குத் தலைவர் எட்சல். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் வேண்டும் என்று அவர் வருடக்கணக்கில் கேட்டார். ஃபோர்டு காரில் அது வந்தது 1939 மாடலில்தான், செவ்ரலேயில் வந்து மூன்று வருடம் கழித்து. அப்பா ஒரே வார்த்தையில் மறுத்துவிடுவார், மகன் எதிர்த்துப் பேசமாட்டார். மற்றவர்களைப்போல ராஜினாமா செய்துவிட்டுப் போக அவருக்கு இடமில்லை.

எட்சல் 1943-ல் புற்றுநோயில் இறந்தார், 49 வயது. மே 26, அந்த 1.5 கோடியாவது காரை ஓட்டிய அதே தேதி. எண்பதை நெருங்கிய ஹென்றி மறுபடி தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். 1945 செப்டம்பரில், எட்சலின் மனைவி எலினார் தன் பங்குகளை விற்றுவிடுவேன் என்று சொன்ன பிறகு, 28 வயதுப் பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு பொறுப்புக்கு வந்தார். கம்பெனி நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது, உருப்படியான கணக்கு வழக்குகூட இல்லை. அடுத்த வருடமே எர்னஸ்ட் பிரீச் என்பவரை அழைத்து வந்து தனக்கு அடுத்த பொறுப்பில் வைத்தார். பிரீச் வேலை கற்றது ஜெனரல் மோட்டார்ஸில். தன்னோடு இன்னும் சிலரை அங்கிருந்தே கூட்டிக்கொண்டு வந்தார்.